இருபது கிலோவுக்குக் கீழே

மாமாங்கத்தில் எடைமேடை பார்க்கிறேன்.
வெள்ளைக்கல் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும்,
எண் ஏறும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
எடை தப்பு என்று சண்டைக்கு வந்த ஒருவரும்
ஜெயித்துப் போனதில்லை.

அப்படிப்பட்டவள்
ஐந்து ரோட்டு ஷோரூமில்
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
ஒரு மணி நேரமாக நிற்கிறேன்.

இரண்டும் நூற்றறுபது சிசி.
சிவப்பு, ஒன்று இருபத்தொன்று.
சாம்பல், ஒன்று முப்பத்தொன்பது.
"வித்தியாசம் பதினெட்டாயிரம்தான் மேடம்"
என்கிறான் நவநீதன்.
அந்தத் 'தான்' அவன் வாயில் எத்தனை லேசு.
எனக்கு அது நாற்பத்தைந்து இரவு ஷிப்டு.

சிவப்பில் வண்ணத் திரை உண்டு.
யாராவது போன் செய்தால் பெயர் மின்னுமாம்.
யார் செய்வார்கள்?
பர்மிட் கட்டை எங்கே வைத்தாய் என்று
தாவூத் அண்ணன்.

சாம்பலில் திரை இல்லை, முள்தான்.
குத்தவைத்து அடியில் பார்த்தேன்.
பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியில்
வெல்டிங் எறும்பு வரிசை போல ஓடியது,
ஓர் எறும்புகூட வழி தப்பவில்லை.
சிவப்பில் அதே இடத்தில்
ஆறிப்போன உப்புமா.

மட்கார்டைத் தட்டினேன்.
ஒன்று 'ணங்' என்றது, மற்றது 'டப்'.
ஆனால் தட்டுவதை நம்பலாமா?
தட்டித் தட்டி வாங்கிய தர்பூசணியை
வீட்டில் வெள்ளையாக வெட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி, பக்கத்து சீட்டில் ஒரு குழந்தை வாந்தி.
ஏரியைப் பார்க்கப் போகவில்லை,
ஒண்டிக்கடையில் பார்சல் போடும் பொன்னுரங்கனின்
சாம்பல் வண்டியைப் பார்க்கப் போனேன்.
நாலு வருஷம். எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்.
"நல்லாப் படுத்தே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

படுத்தேன். துப்பட்டாவெல்லாம் செம்மண்.
மலைப்பனி சைலன்சர் மூட்டை
ஓரம் ஓரமாகத் தின்றிருந்தது.
செயின் கவரில் துரு.
சைடு ஸ்டாண்டு ஒருமுறை முறிந்து
அடிவாரத்து லேத்தில் ஒட்டிய தழும்பு.
எறும்பு வரிசை மட்டும்
அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"சிவப்பு எப்படிங்க?"
"மச்சான்கிட்ட இருக்கு. ஓடுது.
கொஞ்சம் செலவு வைக்கும்.
ஆனா ஏத்தத்துல அதான் முன்னாடி போகும்."

இந்தப் பதிலை வாங்கவா
இவ்வளவு தூரம் வந்தேன்?

இறங்கும்போது பஸ் பிரேக் கருகி நாறியது.
என் வழியை மனதில் ஓட்டிப் பார்த்தேன்.
கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, மாமாங்கம்.
ஏத்தம் என்றால் ஒரு மேம்பாலம்.
முந்துவதற்கு எதிரில் யாருமில்லை,
ராத்திரி இரண்டு மணிக்கு
பைபாஸில் நாய்கள் மட்டும்.
அங்கே நின்றுவிடாத வண்டிக்கு
என்ன விலை?
அதை நவநீதனின் அட்டையில் போடமாட்டார்கள்.
போட்டிருந்தால் பேரம் பேசியிருப்பேன்.

சாம்பலை எடுத்தேன்.
ஹெல்மெட் இலவசம் என்றான், சீட் கவருக்குக் காசு வாங்கினான்.

மறுநாள் லாரி வராத நேரம் பார்த்து
வண்டியோடு மேடையில் ஏறினேன்.
உள்ளேயிருந்து தாவூத் அண்ணன் கத்தினார்:
"இருநூறு!"
இறங்கி வண்டியை மட்டும் நிறுத்தினேன்.
"நூத்தி நாப்பது!"

என் மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
சிவப்பை ஏற்றியிருந்தாலும்
இதே இருநூறு, இதே நூற்று நாற்பது.
நாற்பத்தைந்து ராத்திரி
அந்த இருபதுக்குள் எங்கேயோ கிடக்கிறது.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
இறக்கி ஓரமாக நிறுத்தினேன்.
போன பிறகு திரும்பி வந்து
சைடு ஸ்டாண்டை
காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.