கழிவு

ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று.
வெயில் காய்கிற நாளிலும்
ஈரத்துக்கு இரண்டு கழியும்.
பதினோரு வருஷமாய் நான் எழுதும் எண் அது,
ஏழாம் நம்பர் மலை நிறுவைக் கொட்டிலில்,
தராசு முள் அசைந்து நிற்பதற்குள்,
யார் முகத்தையும் பாராமல்.

இன்று நிறுக்க வந்தவர் வேறு ஆள்.
கொழும்பிலிருந்து இந்துனில் மாத்தயா,
அட்டைக்குப் பயந்து
சப்பாத்தெல்லாம் சவர்க்காரம் பூசியிருந்தார்.
புகையை நிறுக்கணுமாம்.

அந்தோனிமுத்துவுக்குச் சிரிப்பு.
போரணை வாயில் புருவத்தைப் பாதி கொடுத்தவன்.
"எந்தச் சாக்குல பிடிக்கிறது, சேர்?"

மாத்தயா கோபப்படவில்லை.
விறகு எத்தனை கியூப்,
ஆறிப்போன தூள் எத்தனை கிலோ,
லொறி குடித்த டீசல் எத்தனை லீட்டர்.
நட்டு வெட்டிய டர்பன்டைன் என்றால் ஒரு கணக்கு,
காட்டு மரமென்றால் வேறு கணக்கு.
கூட்டிப் பெருக்கினால் புகைக்கும் தொன் வரும்.
தொன்னுக்கு ஒரு விலை வரப்போகிறது,
விட்டவன் கட்டணும்,
குறைத்தவனுக்குக் குறையும்.
அவ்வளவுதான், என்றார்.

நான் சிரிக்கவில்லை.
நிறுக்காத வரைக்கும்
எல்லாம் தருமத்தில் போகும் என்று
தராசடியில் நிற்பவளுக்குத் தெரியாதா?
வானத்தை ஒரு சாக்காய் விரித்து
யார் யாரோ கொட்டினார்கள்.
எடை பார்க்க ஆளில்லை.
போன ஐப்பசியில்
மேல்மலை வரிசையோடு இறங்கி வந்தது:
தேயிலைச் செடிகள் நட்டது நட்டபடி
எட்டாம் காம்பராவுக்குள் நின்றன.
ராசகிளியின் தையல் மெசினை
மூன்றாம் நாள் தோண்டி எடுத்தோம்.
அந்தச் சேற்றுக்கு
என் கொப்பியில் கட்டம் இல்லை.
மாத்தயாவின் டெப்பிலும் தேடினேன்.

ஒன்று சொல்லணும்.
ஏழு வருஷமாய் அந்தோனிமுத்து
தகரம் கேட்டுக்கொண்டிருந்தான்.
விறகுக்கு ஒரு கூரை போட்டால்
நனைந்த கட்டை அழாது, புகை பாதியாகும்,
தேயிலையும் கருகாது என்று
துரை மாறமாற எல்லாருக்கும் சொன்னான்.
ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.
புகைக்கு விலை என்றதும்
மூன்றாம் வாரம் லொறியில் வந்திறங்கியது,
நாற்பது தகரம், ஆணியோடு.
மனுசன் சொல்லிக் கேளாதது
காசு சொல்லிக் கேட்டது.
அவன் அன்றைக்கும் சிரித்தான்,
அது வேறு சிரிப்பு.

அதே லொறியில் வந்தது ஒரு கடிதமும்.
ஆங்கிலத்தில் இரண்டு வரி.
நாளையிலிருந்து கழிவு நான்கு.
ஏன் என்று இல்லை.

மாத்தயாவுக்கு போன் எடுத்தேன்.
"சேர், விட்டவன் கட்டணும்னு சொன்னீங்க.
தராசுல எந்தப் பக்கம் கட்டச் சொன்னீங்க?"
அங்கே வாகனச் சத்தம், கொழும்பு மழை.
"நான் விசாரிக்கிறேன், தங்கச்சி."
நல்ல மனுசர்தான்.
விசாரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் பெரட்டு முடிந்து
மலை நனைந்து கிடந்தது.
கொப்பியில் அடிமட்டம் வைத்து
கழிவுக்குப் பக்கத்தில்
புதிதாக ஒரு கோடு கிழித்தேன்.
மேலே எழுதினேன்: எதற்கு.

முதல் சாக்கு புஷ்பமேரியுடையது.
பதினெட்டு என்று நின்றது முள்.
ஈரம் இரண்டு. சாக்கு ஒன்று.
நான்காவதற்கு நேரே
பேனையை வைத்துக்கொண்டு
கணக்கப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன்.
பின்னால் முப்பத்தாறு பேர்,
தலையில் கொழுந்தோடு,
அவர்களும் பார்த்தார்கள்.