அளப்பதற்கென ஆற்றில் போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஒஃபேலியா பெருத்தி
அளப்பதற்கென்றே ஆற்றில் போட்டாள்
ஓர் ஆரஞ்சை.

உருகுவேயின் சால்ட்டோவில் ஆரஞ்சுக்குப் பஞ்சமில்லை.
லாரியிலிருந்து உருண்டதைப் பொறுக்கினாலே
ஒரு பருவத்துப் பாடம் நடத்திவிடலாம்.
தைமான் ஆற்றங்கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கழி.
முதல் கழியைப் பழம் தாண்டும்போது ஒருத்தி கத்துவாள்,
அடுத்ததில் இன்னொருத்தி.
தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.
கருவி வாங்கக் காசில்லாத பள்ளிகளுக்காக
முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினாள்.
படங்களும் அவளே வரைந்தவை.
கரையில் மேயும் குதிரை மட்டும் நாய்போல வந்துவிட்டது.

மொந்தேவீதியோ பதிப்பகம் படிவம் அனுப்பியது.
ஏழாவது பத்தி:
இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்
எல்லா நாடுகளிலும்
முழு உரிமை எங்களுக்கே.

'இனி வரப்போகும்' என்ற இடத்தில் பேனா நின்றது.
ஆற்றை ஒருவன் பெயருக்குப் பத்திரம் எழுதுவதுபோல் இருந்தது
என்று பின்னாளில் சொன்னாள்.
அன்று சொன்னது அச்சேறத் தகாதது.

சும்மா கொடுத்தால் சும்மாதான் மதிப்பார்கள்
என்றார் துறைத்தலைவர் வால்தெமார்.
அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.
ஆனாலும் கடைசிப் பக்கத்தில் உரிமம் என்று தலைப்பிட்டு
இவ்வளவுதான் எழுதினாள்:

எடுத்துக்கொள். நகலெடு. மாற்று.
என் பெயரைச் சொல்.
எதை மாற்றினாய் என்று சொல்.
உனக்குக் கிடைத்த அதே நிபந்தனையில்
அடுத்தவருக்கும் கொடு.

பிறகு ஆறு வருடம்
ஒரு சத்தமும் இல்லை.

ஜூலைக் குளிரில், கணப்பு அணைந்த ஓர் இரவு
யாரோ அனுப்பிய கோப்பைத் திறந்தாள்.
கிர்கிஸ் மொழி.
அட்டையில் இருந்தது தன் பெயர்தான் என்று தெரியவே
இரண்டு நிமிடம் ஆயிற்று;
அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவள்.

கழிகள் அதே கழிகள்.
குதிரையைத் திருத்தி உண்மையான குதிரையாக்கியிருந்தார்கள்.
அது கொஞ்சம் வலித்தது.
ஆரஞ்சைக் காணோம்.
அந்த இடத்தில் ஓர் ஆப்பிள் மிதந்துகொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாள்.
'மாற்றியவை' என்று தொடங்கியது.
நாரினில் ஆரஞ்சு விலை அதிகம்.
கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஆற்றில் போட மாட்டார்கள், தின்றுவிடுவார்கள்.
எனவே ஆப்பிள், அதுவும் புழு விழுந்தது.
பக்கம் பதினான்கு: மேல் நீர் அடி நீரைவிட விரைவாக ஓடும்.
வந்த விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும்;
மூலநூலில் மறந்திருக்கிறார்கள். சேர்த்துவிட்டோம்.
புருல்கான் தொக்தோசுனோவா,
எட்டாம் வகுப்பு, புவியியல்.

மறந்திருக்கிறார்கள்.

காது மடல்கள் சுட்டன.
எத்தனை பள்ளி, எத்தனை ஓடை,
இல்லாமலே ஓடிய தண்ணீர் எத்தனை ஆயிரம் வாளி!
காப்பிக் கோப்பையைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.
அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால்
இந்தப் பிழை பத்திரமாக இருந்திருக்கும்,
பட்டு அட்டைக்குள், யாரும் தொடாமல்.

விடிவதற்குள் மூலக் கோப்பின் பதினான்காம் பக்கத்தைத் திருத்தினாள்.
எதை மாற்றினாய், யாரிடமிருந்து பெற்றாய்:
தான் வைத்த நிபந்தனை
திரும்பி வந்து தன் கையையே பிடித்தது.
புருல்கான். அடுக்களையில் நான்கு முறை
உரக்கச் சொல்லிப் பார்த்தாள்;
நாக்கு ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் தடுக்கியது.

சந்தையில் ஆப்பிள் ஒன்று வாங்கினாள்,
ஆரஞ்சைவிட மூன்று மடங்கு விலை.
தைமானில் போட்டாள்.
அது நீருக்கு மேலே அதிகம் நிமிர்ந்து
காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கிற்று.
இரண்டாம் கழியைத் தொடவேயில்லை.

காற்றுள்ள நாளில் ஆப்பிள் ஆகாது என்று
ஈரக் கையோடு குறித்துக்கொண்டாள்.
இதையும் நாரினுக்கு எழுத வேண்டும்,
குதிரையைப் பற்றி
ஒன்றும் சொல்லாமல்.