பதினான்கு அங்குலம்

யார்க்டனுக்கு வடக்கே, கனோலா அறுத்த வயலோரம்,
டெல்வின் தன் பிக்கப்பின் பின்கதவை இறக்கி
மூன்று குழல்களைத் துண்டின்மேல் பரப்பினான்,
மீன் விற்கிறவன் மாதிரி.

ஒன்று கார்பன் இழை. அண்டங்காக்கை நிறம்.
கையில் எடையே இல்லை, விலையில்தான் எல்லா எடையும்.
ஒன்று பதினெட்டு அங்குலம்.
அதை ஏந்தினால் யாருக்கும் முதுகு நிமிரும்.
மூன்றாவது பதினான்கு, அலுமினியம், இரண்டு கீறல்,
கூடவே ஒரு டப்பாவில் மூன்று உள்ளுறைகள்.
அதன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

லோர்னா பொட்டாஷ் சுரங்கத்தில் இரவுமுறை முடித்துத்
தூங்காமல் வந்திருந்தாள்.
இமையோரம் இன்னும் செந்தூசி.
ஜீன்ஸ் பையில் இருநூற்று நாற்பது டாலர்,
குளிர்கால டயருக்கு எடுத்துவைத்தது.

"நீளமிருந்தால் நேராகப் போகும்" என்றான் ரஸ்ஸல்.
போன வருஷமும் இதைத்தான் சொன்னான்.
போன வருஷமும் புதருக்கு வெளியே நீண்ட முனையைப் பார்த்துத்தான்
அவனை முதலில் சுட்டார்கள்.

அவள் பதில் சொல்லவில்லை.
இன்று சுடப்போகும் பையைப் பிரித்து
ஒரே ஒரு ஆரஞ்சுக் குண்டை எடுத்தாள்.
பழைய குழலில் போட்டாள்.
வழுக்கிக்கொண்டு ஓடி மறுமுனையில் விழுந்தது,
வீட்டில் யாரும் இல்லாததுபோல.
பதினெட்டிலும் அப்படியே.
கார்பனில் சிக்கிக்கொண்டது. கன்னம் உப்பி ஊதினாள்,
காது சிவந்தது, குண்டு அசையவில்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம்,
குண்டுக்குத் தகுந்த துளை.
அவ்வளவுதான் சங்கதி.
இதைச் சொன்னால் யாருக்கும் முதுகு நிமிராது.

பதினான்கில் இரண்டாவது உறையைச் செருகினாள்.
குண்டு உள்ளே போய் நின்றது. உருளவில்லை.
விழுந்த இமைமுடியை ஊதுகிற அளவு மூச்சு,
ப்ளக்,
டெல்வினின் பூட்ஸ்மேல் விழுந்தது. உடையவில்லை.

இசை வராத குழலை
அவ்வளவு கவனமாக ஊதியவரை
நான் பார்த்ததில்லை.

மரை ஒத்துப்போகிறதா என்று திருகிப் பார்த்தாள்.
நறநறவென்ற சத்தம் இல்லை.
நூற்று நாற்பதை எண்ணிக் கொடுத்தாள்.
மிச்சம் நூறு டயருக்குத் திரும்பியது.

வேகமானியில் பழைய குழல்: 262, 290, 271.
புதியது: 278, 281, 279.
"தூரம் கூடவில்லையே" என்றான் ரஸ்ஸல்.
"கூடாது" என்றாள். "ஒரே மாதிரி போகும்."

முதல் ஆட்டத்தில் முப்பது தப்படியில்
துருப்பிடித்த தகரப் பலகையில்
ஐந்து குண்டுகளை ஓர் உள்ளங்கைக்குள் வைத்தாள்.
பிறகு சத்தமே இல்லை.

எதிரணிப் பையன், பதினாறு வயது கோர்ட்னி வாஸ்கோ,
பதுங்கிப் பதுங்கிப் பின்பக்கமாக வந்தான்.
வைக்கோல் உருளையில் சாய்ந்து,
முகமூடிக்குள் வாய் திறந்து,
புதிய குழலை மடியில் கிடத்தி
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான்கடி தூரம்.
எந்தக் குழலும் போதும்.

அவன் தன் துப்பாக்கியைத் தாழ்த்தி
வைக்கோலில் இரண்டு முறை தட்டினான்,
கதவு தட்டுவதுபோல.