பதினேழாம் பீப்பாய்

மார்ச் முதல் வாரம்
அளவுகோலும் பேரேடும் எடுத்துக்கொண்டு
பெய்ரலோங் பண்ணைக்குப் போவேன்.
நான் கலால் துறை.
என் காரைக் கண்டால்
அங்கே நாய்கூடக் குரைப்பதில்லை,
எழுந்து வேறிடம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பழுப்பு மணல். ஓக் மரங்கள். தாழ்ந்த ஓட்டுக்கூரை.
கிடங்கின் வெளிச்சுவர்
அடுப்படிச் சுவர்போல் கறுத்திருக்கும்,
கசியும் ஆவியைக் குடித்துக் குடித்து
வளர்ந்த பூஞ்சை.
காஸ்கோன் சீமையிலேயே வரி கட்டாத குடிகாரன்
அது ஒன்றுதான்.

உள்ளே
இருட்டுக்கு ஓர் இனிப்பு உண்டு.
நான் மூக்கைப் பேரேட்டில் வைத்துக்கொள்வேன்.
அர்மான்யாக் பிராந்தியில்
ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு
காற்றோடு போகலாம்.
தேவதைகளின் பங்கு என்பார்கள் இங்கே.
எங்கள் படிவத்தில் அதற்குப் பெயர்
இயற்கைக் குறைவு.

பதினேழாம் பீப்பாய், 1956.
அந்தப் பிப்ரவரி இரவுகளில்
கொடித்தண்டுகள் துப்பாக்கிபோல் வெடித்தனவாம்.
ஒதில் தஸ்துக்கின் தகப்பன்
மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலையெல்லாம்
வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசைக்குப் போர்த்தினான்.
கொடி பிழைத்தது.
மாடு இரண்டு செத்தது.
ஊரூராய் இழுத்து வந்து காய்ச்சும்
சக்கரம் வைத்த வாலை
அவ்வருஷம் இங்கே அரைநாள்தான் நின்றது.
நூற்றிருபது லிட்டர்.

பீப்பாயின் நெற்றியில் சுண்ணக்கட்டியால்
இரண்டு பெயர்: ப்ளான்கெத், முரெத்.
பாரிஸ் வியாபாரி குனிந்து படித்துவிட்டு
அரிய திராட்சை வகைகள் என்று
குறித்துக்கொண்டான்.
ஒதில் திருத்தவில்லை.
ஒரு புட்டிக்கு அவன் சொன்ன விலையில்
நாலு மாடு வாங்கலாம்.
விற்கவுமில்லை.

கோலை இறக்கினேன்.
முப்பத்தொன்று இருக்க வேண்டும்.
இருபத்தேழு.
துடைத்து மறுபடி இறக்கினேன்.
இருபத்தேழேதான்.

"நாலு லிட்டர் எங்கே, அம்மணி?"

சென்ற ஏப்ரல், ஏழாம் தேதி இரவு என்றாள்.
துளிர் விட்டு ஆறே நாள்.
வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை.
வரிசைக்கு வரிசை மெழுகு வாளி கொளுத்தினோம்,
ஈர வைக்கோலைப் புகைத்தோம்.
இருபத்துமூன்று பேர். தபால்காரி,
பாதிரியாரின் மைத்துனன்,
கவாத்துக்கு வந்த ட்ரிஸ், அவன் மகன்கள்.
மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் கை மரத்துவிட்டது.
கிடங்குக்கு ஓடினேன்.
கதவருகே இருந்தது பதினேழு.
அவ்வளவுதான்.

கதவருகே மூன்றும் இருக்கிறதே
நாலும் இருக்கிறதே என்று
நான் கேட்கவில்லை.

சூப் கிண்ணத்திலும் தகர மூடியிலும் குடித்தார்களாம்.
தபால்காரி அழுதாளாம், புகை என்றாளாம்.
ட்ரிஸ் குடிப்பவனில்லை.
இரு கையாலும் வாங்கி
வெகுநேரம் முகர்ந்துவிட்டு
அடுத்தவனிடம் நீட்டினானாம்.

"பாதிக் கொடி கருகிப் போயிற்று" என்றாள்.
மீதிப் பாதி
ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது.

படிவத்தில் மூன்று பத்தி:
ஆவியானது. ஒழுகியது. அருந்தியது.
மூன்றாவதற்கு வரி உண்டு, அபராதமும்.
"அருந்தியது என்றே போடுங்கள்"
காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.
போட்டேன், நாலு.
பிறகு அடித்தேன்.
ட்ரிஸ் முகர்ந்த கிண்ணத்தை
ஆவியானதில் சேர்த்து
மூன்று புள்ளி எட்டு என்று திருத்தினேன்.
அதை அடுத்தவன் குடித்தானே என்று
அவளும் சொல்லவில்லை.

விதிப்படி கோலைத் துணியால் துடைத்தேன்.
துணி பின்சீட்டில் கிடந்தது.
எயோஸ் ஊர் வரும்வரை
கார் ஜன்னலை நான்
இறக்கவேயில்லை.