பருக்கை

சோபாவின் விளிம்பில்
ஒற்றைச் சோற்றுப் பருக்கை.
கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது
குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில்
நான்காவது விதி.
நேற்றிரவு அதை மீறியிருந்தேன்.
பவானந்தன் பாத்தாமிலிருந்து திரும்புவதற்குள்
ஆள்காட்டி விரலில் ஒற்றி எடுத்தேன்.

பருக்கை
கொஞ்சம் நீண்டது,
பிறகு குறுகியது.

கிச்சாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
துவாஸில் ஏதோ பட்டறை வாசலில் பிறந்து
யீஷூன் பதினோராம் மாடிக்கு வந்து சேர்ந்த கறுப்பு நாய்.
அதற்கு உரிமம் உண்டு, எண் உண்டு.
எனக்கு இரண்டாண்டு ஒப்பந்தம்,
வாரம் இருமுறை துணி துவைக்கலாம்.
வாலைத் தூக்கிப் பார்த்தேன்.
எந்தத் தாளும் இல்லாமல்
இன்னும் மூன்று பேர்
வாசலில் நின்றிருந்தார்கள்.

'வீட்ல பூச்சி' என்று அனுப்பினேன்.
'உன் ரூம்லயா?' என்று உடனே வந்தது.
'கிச்சாப் வயித்துல.'
இரண்டு நீலக் குறிகள். அவ்வளவுதான்.

தயிர் டப்பாவில் ஆதாரத்தை மூடிக்கொண்டு
இரவு வேலை பார்த்த கண்ணோடு
நாயும் நானும் மின்தூக்கியில் இறங்கினோம்.
ஒன்பதில் ஏறிய கெங் ஹுவா ஆண்டி
டப்பாவைப் பார்த்து
தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்:
"சாப்டாச்சா?"

நாடாப்புழு, என்றார் டாக்டர் சியோங்.
அரிக்கிறதென்று நாய் தன்னையே கடிக்கும்,
தெள்ளுப்பூச்சி ஒன்று வாய்க்குள் போகும்,
தெள்ளுக்குள் இது குடியிருந்திருக்கும்.
"பார்க்கத்தான் அரிசி.
ஒவ்வொன்றும் ஓர் அறை.
அறை நிறைய முட்டை."
ஒரு கட்டில், பாதி சன்னல்,
தொள்ளாயிரம் வெள்ளி என்று
என் அறை ஞாபகம் வந்தது.

"நாய் உங்களுடையதா?"
"இல்லை டாக்டர்.
நானும் உள்ளே இருப்பவன்தான்."
என் ஆங்கிலத்தில் அது
அவருக்கு எப்படிக் கேட்டதோ.

மாத்திரையை மீன் உருண்டையில் புதைத்தேன்.
உருண்டை போனது, மாத்திரை தரையில்.
இட்லியில் வைத்தேன். இட்லி போனது.
கடைசியில் தாடையைப் பிடித்து
நாக்கின் அடியோரம் தள்ளி
மூக்கில் ஊதினேன்.
விழுங்கிவிட்டு
மாலைவரை என் பக்கம் திரும்பவில்லை.

செத்த பிறகு வெளியே வருமா என்று கேட்டிருந்தேன்.
வராது, பெரும்பாலும்
உள்ளேயே கரைந்துவிடும் என்றிருந்தார்.
வேலையிடத்தில், முகக்கவசத்துக்குள்,
அந்த வாக்கியம்
என்னோடு பன்னிரண்டு மணி நேரம் நின்றது.

பவானந்தன் வந்தார். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.
பிறகு பேனா தேடி,
குளிர்பெட்டித் தாளின் அடியில் எழுதினார்:

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை
நாய்க்குப் பூச்சி மாத்திரை. (நீ.)

இப்போதெல்லாம் கிச்சாப்
என் கதவை அடைத்துப் படுக்கிறது.
தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.
இன்று காலையும் சோபா விளிம்பில் ஒன்று.
விரலில் ஒற்றி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துக் காத்திருந்தேன்.

அசையவில்லை.
என்னுடையதுதான்.