திருப்பித் தரக் காரணம்

குவோபியோவில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
பழைய வீடியோ கேம் வட்டுகளை வாங்கி விற்கும் எங்கள் கடையில்
கோடு போட்ட நோட்டு ஒன்று உண்டு.
தேதி, பெயர், தொகை,
கடைசிக் கட்டத்தில்: திருப்பித் தரக் காரணம்.
முதலாளி ரௌனோ அதைப் படிப்பதில்லை.
நான் படிப்பேன்.

'பேய் வரவேயில்லை. வீட்டுக்கடன்தான் வந்தது.'
'கார் பந்தயம் என்றார்கள். பாதி நேரம் பெட்ரோல் வரிசையில் நிற்கிறேன்.'
'என் மனைவிக்குப் பிடித்துவிட்டது.'

பிறகு, அந்த வட்டு.
அட்டையில் கவசம் பூண்ட வீரன்,
உருவிய வாள்,
மலைக்குப் பின்னால் நெருப்பு உமிழும் நிழல்.
பள்ளி விட்டதும் வாங்கிப்போன நீலோ
மறுநாளே கொண்டுவந்து போட்டான்:
'வாள் என் கையில் இல்லை. நான் படகுக்காரன்.'

உண்மைதான்.
ஆட்டம் தொடங்கியதும் வீரன் கரைக்கு வருகிறான்,
ஒரு காசு தருகிறான்,
அக்கரையில் இறங்கிக் காட்டுக்குள் போகிறான்.
கதையும் அவன் பின்னாலேயே போய்விடுகிறது.
நீ துடுப்போடு நிற்கிறாய்.
நான்கு ஆடுகளோடு ஒருத்தி வருகிறாள்.
மருத்துவச்சி வருகிறாள்; திரும்பும்போது அவள் பேசுவதில்லை.
மூடுபனி.
ஒருநாள் மலைப்பக்கம் வானம் சிவக்கிறது,
அவ்வளவுதான் உனக்குத் தெரியும்.

அடுத்து வாங்கியவர் உர்போ லௌக்கனேன்.
இரும்பு வடத்தைப் பற்றி ஏரியைக் கடக்கும் அரசுப் படகை
இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர்.
எட்டு நாளில் திரும்பி வந்தார்.
கட்டம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதினார்:
'இதையே செய்ய அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.
இங்கே பதினான்கு யூரோ கொடுத்து
லீவு நாளில் செய்திருக்கிறேன்.'
ஆறு யூரோ கொடுத்தேன். எண்ணாமல் பையில் போட்டார்.

வட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
கடையில் அதற்கு அனுமதி இல்லை.

பதினோராம் இரவில் வீரன் வந்தான்.
வாள் இல்லை.
இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை.
கொன்றானா, ஓடி வந்தானா,
ஆட்டம் சொல்லவில்லை,
கேட்பதற்கு ஒரு பொத்தானும் இல்லை.
படகில் ஏறி உட்கார்ந்தான்.
காசில்லை என்றான்.
அந்த நதியில் காசு விழுந்தால்தான் துடுப்பு அசையும்.
எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன்,
ஒரு குழந்தை கதவைத் தட்டுவதுபோல.
அவன் தோளில் பனி விழத் தொடங்கியது.
விடிந்து வேலைக்கு நேரமாகி, அணைத்தேன்.

நேற்று உர்போ மறுபடி வந்தார்.
கையுறையைக் கழற்றாமல்
பேட்டரி அடுக்கைப் பார்ப்பதுபோல் நின்றார்.
'அவன் திரும்பி வந்தானா?'
'யார்?'
'உனக்குத் தெரியும்.'
வந்தான் என்றேன். காசில்லாமல்.
அவர் சிரித்தார்.
'எங்கள் படகில் எவனும் காசு கொடுப்பதில்லை.'
கொஞ்சம் கழித்து,
'நிற்கிறானா?'
'உட்கார்ந்திருக்கிறான்.'

கடை விலை மறுபடியும் பதினான்கு.
அவரிடம் எட்டுதான் இருந்தது,
கார்டு படகிலேயே கிடக்கிறதாம்.
என் கோட்டுப் பையிலிருந்து ஆறு எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
எட்டோடு சேர்த்து அவர் என்னிடமே நீட்டினார்.
ரசீது கொடுத்தேன்.
நோட்டில், வாங்குகிறவர் பக்கத்தில்,
காரணம் எழுதக் கட்டம் கிடையாது.

ஐந்தாம் எண் பேருந்துக்கு நிற்கும்போதுதான் உறைத்தது.
படகின் அடியில் ஒரு தகரப் பெட்டி.
போகும்போது அவன் தந்த காசு
பதினொரு இரவும் அதில்தான் கிடந்தது.
எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கலாம்.

வட்டு இப்போது ஏரிக்கு அக்கரையில்.
வட்டில்லாமல் என் ஆட்டம் திறக்காது.
உர்போவின் வீரன் எட்டாம் இரவில், காட்டுக்குள்,
ஒருவேளை இன்னும் இரண்டு கையோடு.
என்னுடையவன் படகில்.