இருபது நிமிஷக் காணி

அப்புத்தளை ரயில் கடவைக்கு மேலே
வேனை நிறுத்தி அன்டெனாவைத் திருப்பினேன்.
நூற்று அறுபத்திரண்டு தசம் நான்கு:
இல்ஹாம் டாக்சிக்காரர் ஆண்டுக் கட்டணம் கட்டிய இடம்.
"பஸ் ஸ்டாண்டில ரெண்டு வெள்ளக்காரர்" என்ற குரலின் மேல்
ஏறி உட்கார்ந்திருந்தது இன்னொரு குரல்:
"ஏழாம் நம்பர் மலை, கொழுந்து நனைஞ்சிருக்கு.
தண்ணிக்கு மூணு கிலோ கழி."

ஊசி காட்டிய பக்கம் இறங்கினேன்.
கொழுந்து லொறியின் முன்சீட்டில் பவளராணி,
மடியில் டேப் சுற்றிய பழைய வயர்லெஸ்.
அந்தப் பள்ளத்து மடிப்பில் போனுக்கு ஒரு கோடும் வராது.

"இது இன்னொருத்தருக்குச் சொந்தமான அலை."
மேலே பார்த்தாள்,
வேலி தேடினாளோ என்னவோ.
"யார் வித்தது?"
அரசாங்கம்.
"அரசாங்கத்துக்கு யார் வித்தது?"
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

விதிப்படி பெட்டியைப் பறித்திருக்க வேண்டும்.
அதற்குள் இல்ஹாமே வந்துவிட்டார், சண்டைக்கு.
வந்தவர் கேட்டது ஒன்றுதான்:
"எந்நேரம் பேசுவீங்க?"
காலை பத்துக்குப் பத்து நிமிஷம்,
மாலை நாலரைக்குப் பத்து.
அந்நேரம் அவர் கார்களெல்லாம்
ரயிலுக்காக வாய்மூடி நிற்கும்.
"மாசம் ரெண்டாயிரம்."
"எழுநூறு."
"தேங்காயா வாங்குறீங்க?"
"தேங்காய்னா தட்டிப் பாக்கலாமே."
ஆயிரத்து நூறில் நின்றது.
சம்பந்தம் பேசி முடித்த வீட்டுத் தரகனாய்
நான் மிச்சமாய் நின்றேன்.

கைமாற்ற அனுமதியில்லை என்கிறது ஏழாம் நிபந்தனை.
எனக்கு முந்தியவர்கள் காலத்தில்
ஒற்றைக் கையெழுத்தில் கிடைத்ததாம் அலை.
கையெழுத்துக்கும் விலை இருந்தது,
பலகையில் எழுதாத விலை.
'இடையூறு நீங்கியது' என்று எழுதினேன்.
எப்படி என்று எழுதவில்லை.

டாக்சி பில்லின் முதுகில்
நேரத்தையும் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தார் இல்ஹாம்.
பிள்ளையின் கிளினிக் அட்டைக்குள் அதை மடித்து வைத்தாள்.
"லயத்துக் காம்பராவுக்கு உறுதி கேட்டுப்
பன்னெண்டு வருஷம் சார்.
ஆகாசத்துக்கு அரை மணியில கெடச்சிருச்சு."
சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

நாலரைக்கு வேனில் ஊசி துள்ளியது.
யாரும் குறுக்கே பேசவில்லை.
"நாலு கிலோ கழி" என்றாள் பவளராணி, சுத்தமாய், இரைச்சலில்லாமல்.
மலையிலிருந்து ஒரு பெண்குரல்:
"அக்கா, மூணு. மூணுதான்."